மேரி எழுதிய கடிதங்கள்

கோதண்டபாணி வீடு எது என்று காஞ்சிபுரத்தில் கேட்டால் யாருக்கும் தெரியாது. பூச்சி சார் வீடு என்றால் ரிக்‌ஷாக்காரர் மறுபேச்சில்லாமல் ஏற்றிக்கொள்வார். ஊருக்குள் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் இருபத்தாறு வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர். ஐயம்பேட்டையில் நெல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பத்தில் முதல் பட்டதாரி. பூச்சி சார் என்று கூப்பிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "அது பூச்சி இல்லப்பா, இறால் ஜாதி" என்று பால்காரருக்குக்கூட விளக்கம் சொல்வார். பால்காரர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, மறுநாளும் "பூச்சி சார், பால்" என்றுதான் குரல் கொடுப்பார்.

அந்த இறால் ஜாதியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னேரி ஏரிக்கரையைப் பலப்படுத்த மண் வெட்டிய பள்ளங்களில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். இரண்டு நாளில் ஊசிமுனை அளவுக் குஞ்சுகள் தோன்றும். இரண்டு வாரத்தில் விரற்கடை நீளத்துக்கு வளர்ந்துவிடும். ஓடு கிடையாது. உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். குடல் ஓடுவது வெளியே தெரியும். குப்புற நீந்தாது, எப்போதும் மல்லாந்துதான் நீந்தும். பள்ளம் காய்ந்தால் எல்லாம் செத்துப்போகும், முட்டை மட்டும் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். அந்தக் காய்ந்த மண்ணை அள்ளி வந்து ஜாடியில் போட்டு, ஐந்து வருஷமோ பத்து வருஷமோ கழித்துத் தண்ணீர் ஊற்றினாலும் மூன்றாம் நாள் காலையில் ஜாடிக்குள் அசைவு தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் கோதண்டபாணிக்கு அந்தக் காலையில் முதுகு சில்லிடும். விஞ்ஞானி அப்படிச் சொல்லக்கூடாது என்பதால் யாரிடமும் சொன்னதில்லை.

மேரி 1961இல் கோதண்டபாணியின் துறைக்கு ஆய்வுக்கூட டெமான்ஸ்ட்ரேட்டராக வந்தாள். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த தேவசகாயத்தின் ஒரே மகள். தேவசகாயத்தின் அப்பா காலம் வரைக்கும் அந்தக் குடும்பம் அடுத்தவர் நிலத்தில்தான் குனிந்து கிடந்தது. மேரி பி.எஸ்ஸி. படிக்கும்போது பட்டு சொசைட்டிக்குக் கிராப் போட்டுக் கொடுத்துச் சம்பாதித்தாள். கிராப் என்றால், புடவைக் கரையில் வரவேண்டிய யாளியையும் அன்னத்தையும் தறிக்குப் போகுமுன் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டுவது. அந்தக் கை பழகிய பழக்கத்தில், நுண்ணோக்கியில் பார்த்ததை அவள் கோடில்லாமல் வெறும் புள்ளியாலேயே வரைவாள். உடம்பு பளபளக்கும் இடத்தில் புள்ளி விலகி நிற்கும், மடிப்பில் நெருங்கி வரும்.

கோதண்டபாணி பிராணிகளை ஃபார்மலினில் போட்டு, அறுத்து, அளந்து, சென்னை நூலகத்துப் புத்தகங்களோடு ஒப்பிட்டு எழுதுவார். மேரிக்கு அறுப்பதில் ஆசை இல்லை. ஜாடிக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு மணிக்கணக்காக உட்கார்ந்துகொள்வாள்.

"என்னம்மா அப்டிப் பாத்துக்கினே இருக்கே?"

"அது இன்னா பண்ணுதுன்னு பாக்கறேன் சார்."

"இன்னா பண்ணுது?"

"இன்னும் தெரில சார். அதான் பாத்துக்கினு இருக்கேன்."

நாலு வருஷ உழைப்பில் கட்டுரை முடிந்தது. முதல் பக்கத்தில் இரண்டு பேர்: கோதண்டபாணி, மேரி. தட்டச்சு ஆகி வந்த மாதம், 1965 மே மாதத்தில், மேரிக்கு மஞ்சள் காமாலை வந்தது. இருபது நாளில் போய்விட்டாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. அடக்கத்துக்குப் போன கோதண்டபாணி கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது பொய் அழுகை இல்லை.

ஆனால் அடுத்த மாதமே அவர் துறைத் தலைவர் திருஞானசம்பந்தத்தின் எதிரில் கட்டுரையோடு உட்கார்ந்திருந்தார். விஞ்ஞானிக்குச் சம்பளம் கல்லூரி கொடுக்கும். பேரை மட்டும் கல்லூரி கொடுக்க முடியாது. முன்பின் தெரியாத இன்னொரு விஞ்ஞானி, எங்கோ கண்காணாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, இவர் எழுதியதைப் படித்து, தன் கட்டுரையின் அடியில் இவர் பேரைக் குறிப்பிட வேண்டும். அப்படி நாலு பேர் குறிப்பிட்டால்தான் டாக்டர் பட்டம், பட்டம் வந்தால்தான் பல்கலைக்கழக அங்கீகாரம், அங்கீகாரம் வந்தால்தான் பேராசிரியர். நாற்பத்தைந்து வயதில் கோதண்டபாணி இந்த ஏணியின் முதல் படியில் நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், பல்கலைக்கழகத்துல எண்ணிப் பாப்பாங்கய்யா. ரெண்டு பேர் போட்டா அரைப் பேப்பர்னுவான். தனிப் பேர் போட்டாத்தான் முழுசு" என்றார் திருஞானசம்பந்தம். "அந்தப் பொண்ணு பாவம், போயிட்டுது. இனிமே அதுக்குப் பேர் வந்து என்ன ஆவப்போவுது? உனக்கு ஆவும் இல்ல?"

கோதண்டபாணி ஒரு வாரம் யோசித்தார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மையில் அன்று மத்தியானமே முதல் பக்கத்தை மட்டும் வேறு தட்டச்சு செய்யக் கொடுத்துவிட்டார். படங்கள் மேரி வரைந்தவையே போயின.

1966 டிசம்பரில் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் கட்டுரை வந்தது. எழுதியவருக்கு என்று தனியாக அச்சிட்ட பிரதிகள் இருபத்தைந்து தபாலில் வந்து சேர்ந்தன. அந்த வாரத்திலேயே தேவசகாயம் ரயில்வே சட்டையோடு கல்லூரிக்கு வந்து வாசலில் நின்றார்.

"புஸ்தகத்துல பேர் வரும்னு சொல்லிக்கினே இருந்தா சார். வந்துச்சா?"

பிரதிகள் கோதண்டபாணியின் மேஜை இழுப்பறையில் இருந்தன. அவர் முழங்கால் அந்த இழுப்பறையில் இடித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் அச்சாவல தேவசகாயம். வரும்."

"வந்தா சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வந்து கேட்கவே இல்லை.

1967 மார்ச்சில் முதல் அட்டை வந்தது. அந்தக் காலத்தில் ஒரு கட்டுரையின் பிரதி வேண்டுமென்றால் விஞ்ஞானிகள் அச்சடித்த தபால் அட்டை அனுப்புவார்கள். பேரையும் கட்டுரைத் தலைப்பையும் மட்டும் கையால் நிரப்பியிருப்பார்கள். இன்னாருக்கு எத்தனை அட்டை வந்தது என்பதுதான் கல்லூரி ஆசிரியர்களுக்குள் மதிப்பு. கடைநிலை ஊழியர் சபாபதி அட்டையைக் கொண்டுவந்தபோது கோதண்டபாணி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஹங்கேரி நாட்டுத் தபால்தலை ஒட்டியிருந்தது. அனுப்பியவர் டாக்டர் ஹோர்வாத் என்பவர். இந்தப் பிராணிகளைப் பற்றி உலகத்தில் அவரைவிட அதிகம் தெரிந்தவர் இல்லை. கட்டுரைத் தலைப்பு சரியாக இருந்தது. முகவரி சரியாக இருந்தது. பேர் எழுத வேண்டிய இடத்தில் மட்டும் வேறு பேர் இருந்தது: டி. மேரி.

"யார்யா இது? நீ ஏதாவது விளையாட்டு காட்டறியா?"

சபாபதி அட்டையை எட்டிப் பார்த்தார். அவருக்கு அந்தப் பேரை மட்டும் ஆங்கிலத்தில் படிக்கத் தெரியும். மேரியின் பெஞ்சில் வெகுநாள் ஒட்டியிருந்த பேர் அது. இரண்டடி பின்னால் நகர்ந்தார். "மேரியம்மாவுக்கா சார் வந்திருக்குது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

கோதண்டபாணி அச்சான கட்டுரையை எடுத்து வரிவரியாகப் படித்தார். மேரி என்ற பேர் எங்கும் இல்லை. நன்றியுரையில்கூட இல்லை, அதையும் அவர்தான் எடுத்திருந்தார். மே மாதம் இரண்டாவது அட்டை வந்தது. அதிலும் மேரி. அவர் அதையும் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு தூங்கினார்.

ஜூலையில் கடிதமே வந்தது. "அன்புள்ள டி. மேரி, இருமுறை எழுதியும் பதில் இல்லை. உங்கள் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கட்டுரையில் ஆண் பிராணியின் உணர்கொம்பு வெளிப்பக்கம் வளைந்தது என்றிருக்கிறது. செத்து விறைத்தால் அப்படித்தான் ஆகும். படத்தில் அது உள்பக்கம் மடிந்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போது பார்த்தவரால் மட்டுமே அப்படி வரைய முடியும். கட்டுரையை எழுதியவர் பிணத்தைப் பார்த்திருக்கிறார், நீங்கள் பிராணியைப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டாம் படத்தின் வால் பகுதியில் உங்கள் பேரை லென்ஸ் வைத்துப் படித்தேன். உங்களோடு கடிதத் தொடர்பு வேண்டும்."

கோதண்டபாணி லென்ஸை எடுத்தார். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு பார்த்தார். வாலின் நிழலில் நெருங்கிக் கிடந்த புள்ளிகளுக்குள் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கிராப் போடுகிறவர்களின் வழக்கம் அது. புடவையில் டிசைன் போட்டவர் பேர் வராது. ஆகவே அன்னத்தின் சிறகிலோ யாளியின் காலிலோ தன் அடையாளத்தைப் புள்ளியோடு புள்ளியாகச் சேர்த்துவிடுவார்கள். காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை லென்ஸும் கையுமாக இருந்த மனுஷன், அந்தப் படத்தை மட்டும் ஒரு தடவைகூட லென்ஸில் பார்க்கவில்லை.

சரி, "மேரி இறந்துவிட்டாள்" என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். எழுதவும் உட்கார்ந்தார். அப்படியானால் அவள் பேர் ஏன் கட்டுரையில் இல்லை என்று அந்த ஆள் கேட்பாரே, சஞ்சிகைக்கு எழுதுவாரே, பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் நேரத்தில் பேர் நாறிப்போகுமே என்ற பயம் வந்தது. மேரியின் பழைய நோட்டை எடுத்து எதிரில் வைத்துக்கொண்டார். அவள் எழுத்து வலப்பக்கம் சாயும். கையெழுத்தின் கடைசியில் ஒரு சுழி இருக்கும். ஒரு மணி நேரம் பழகிப் பார்த்துவிட்டு எழுதினார்: "நான் படம் மட்டுமே வரைந்தேன். கண்டுபிடித்தது, எழுதியது எல்லாம் கோதண்டபாணி அவர்கள். இப்படிக்கு, டி. மேரி."

செத்துப்போனவளைச் சாட்சிக்கு இழுத்து, அவள் கையால் தனக்கு நற்சான்று எழுதிக்கொண்டார். இதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹோர்வாத் அந்த நற்சான்றைச் சட்டைசெய்யவே இல்லை. "நீங்கள் அடக்கமானவர். போகட்டும், பெண் பிராணி முட்டையை எந்த நேரத்தில் உதிர்க்கிறது?" என்று அடுத்த கடிதத்தில் கேட்டார். கோதண்டபாணிக்குத் தெரியாது. பதில் எழுதாவிட்டால் சந்தேகம் வரும். அலமாரியில் மேரி கைப்பட எழுதி ஒட்டிய ஜாடிகள் வரிசையாக இருந்தன. 'தென்னேரி, 12.5.64' என்றிருந்த மண்ணில் தண்ணீர் ஊற்றினார். மூன்றாம் நாள் காலையில் அவள் அள்ளிவந்த மண்ணிலிருந்து அவை எழுந்து நீந்தின. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்து பார்த்தார். இரண்டு வாரம் பார்த்தார். பார்த்ததை மேரியாக எழுதினார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஹோர்வாத் கேட்பார், கோதண்டபாணி ஜாடிக்கு எதிரில் உட்கார்வார், மேரி பதில் எழுதுவாள். அந்தக் கடிதங்களில் அவர் எழுதியதைப் போல அவர் பேரில் அவரால் எழுத முடிந்ததே இல்லை. அவர் பேரில் அனுப்பிய மூன்று கட்டுரைகள் 'புதிதாக ஒன்றுமில்லை' என்று திரும்பி வந்தன. ஹோர்வாத்தின் கட்டுரைகளிலோ 'மேரி, கடித வழி' என்ற குறிப்பு அடிக்கு அடி வந்தது. அதைப் பார்த்து மற்ற நாட்டுக்காரர்களும் மேரியை மேற்கோள் காட்ட ஆரம்பித்தார்கள்.

வேறு சிலதும் நடந்தது. 1969இல் ஒருநாள் கல்லூரி எழுத்தர் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோதண்டபாணி கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் சுழியோடு டி. மேரி என்று இருந்தது. போட்டது தான்தான் என்று அவருக்கு நினைவே இல்லை. திருஞானசம்பந்தம் 1964ஆம் வருஷப் பதிவேட்டை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கிறவர், அன்று சிரிக்கவில்லை. "லீவு போட்டு ஊருக்குப் போய்ட்டு வாய்யா" என்று மட்டும் சொன்னார். வீட்டில், அவர் தம்பிக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போடப் போன மனைவி நீலாம்பாள் உறையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இது யார் கையெழுத்துங்க? பொம்பள கையெழுத்தாட்டம் இருக்குது."

"அவசரத்துல எழுதினேன்."

"அவசரத்துல இவ்ளோ அழகாவா வரும்?" என்று கேட்டாள் நீலாம்பாள்.

1972இல் அவர் எழுதிய ஆய்வேடு வெளிநாட்டுத் தேர்வாளரிடமிருந்து திரும்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: "உயிருள்ள பிராணிகளைப் பற்றிய பகுதி, மேரி அம்மையார் ஏற்கெனவே தெரிவித்தவற்றை ஒத்திருக்கிறது. அவரும் அதே ஊர்க்காரர். உரியவருக்கு உரிய நன்றி சொல்லித் திருத்தி அனுப்பவும்." கோதண்டபாணி அதைப் படித்துவிட்டு ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தார். பிறகு அழுதார். தன் கண்ணால் பார்த்ததைத் தான் எழுத அவளிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆய்வேட்டைக் கட்டி அலமாரி மேல் வைத்துவிட்டார்.

1974 ஜனவரியில், கல்கத்தாவில் ஒரு மாநாட்டுக்கு வருவதாகவும், திரும்பும் வழியில் மேரியைப் பார்க்கக் காஞ்சிபுரம் வருவதாகவும் ஹோர்வாத் எழுதினார். கோதண்டபாணி ஒரு முடிவுக்கு வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. பேரை எடுத்தது தப்புத்தான். ஆனால் ஏழு வருஷக் கடிதங்கள் என்னுடையவை. உலகம் மெச்சிய கண்கள் என்னுடையவை. ஹோர்வாத் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும், பட்டம் வீடு தேடி வரும். ஐம்பத்துநாலு வயதில் ஒரு மனுஷனுக்கு அது பெரிய ஆசையா? சொல்ல வேண்டிய ஆங்கில வாக்கியத்தை ஒத்திகை பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார்.

ஹோர்வாத் ஒரு முற்பகலில் சென்னையிலிருந்து வாடகைக் காரில் கல்லூரிக்கு வந்து இறங்கினார். வெயிலில் சிவந்த, உயரமான கிழவர். "மேரி எங்கே?" என்றார் முதல் வார்த்தையாக. கோதண்டபாணி அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஹோர்வாத் தோல்பையிலிருந்து கடிதங்களை எடுத்து மேஜையில் பரப்பினார். இருபத்துமூன்று இருந்தன.

"இதுதான் மகுடம்" என்று ஒன்றைத் தனியாக எடுத்து நீட்டினார் ஹோர்வாத். "இந்தப் படத்தை வைத்துத்தான் இது புது இனம் என்று முடிவுக்கு வந்தேன். எந்தப் பள்ளத்து மண் இது?"

கோதண்டபாணி வாங்கிப் பார்த்தார். பெண் பிராணியின் முட்டைப்பை, முழுக்கப் புள்ளியால் வரைந்தது. அவர் அப்படி ஒரு படம் வரைந்ததில்லை. அவருக்குப் புள்ளி வைத்து வரையவே வராது. உறையில் காஞ்சிபுரம் முத்திரை: 17 செப்டம்பர் 1970. அந்த செப்டம்பர் முழுக்க அவர் டைபாய்டில் ஐயம்பேட்டையில் பாயோடு பாயாகக் கிடந்தார். ஆய்வுக்கூடத்துச் சாவி அவர் தலையணை அடியில் இருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தார். முட்டைப்பையின் நிழலில், புள்ளிகளுக்குள், அவள் பேர்.

மனப்பாடம் செய்த வாக்கியம் இனி உதவாது. இருபத்திரண்டு என்னுடையவை, இது மட்டும் இல்லை என்று எந்த மொழியில் சொல்வது? அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்று அவருக்கு அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

அவர் பேசாமல் நிற்பதைப் பார்த்த ஹோர்வாத்துக்குப் பொறுமை போய்விட்டது. வராந்தாவுக்குப் போய், எதிர்ப்பட்ட சபாபதியிடம் "மேரி? மேரி?" என்றார். சபாபதி மிரண்டுபோய்க் கையை ரயில் நிலையப் பக்கம் காட்டினார். "அவங்க அப்பா வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால." ஹோர்வாத் காரில் ஏறிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கோதண்டபாணி ஏறிக்கொண்டார்.

தேவசகாயம் ரயில்வே குடியிருப்பில் வாசலில் நின்று விறகு உடைத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான் இருந்தது.

"யாரு சார் இவரு?"

"ஹங்கேரின்னு ஒரு தேசம். அங்கேர்ந்து வந்திருக்காரு. மேரியப் பாக்கணுமாம்."

தேவசகாயம் கோடரியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு "உள்ள வாங்க" என்றார். கூடத்தில் சுவரில் மேரியின் போட்டோ இருந்தது. அடியில் 1939 – 1965 என்று வெள்ளை மையால் எழுதியிருந்தது. எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. ஹோர்வாத் அதை நெடுநேரம் பார்த்தார். தோல்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்.

"இன்னா கேக்கறாரு?" என்றார் தேவசகாயம்.

கோதண்டபாணி தமிழில் சொன்னார். "'அப்போ இத்தன வருஷமா எனக்கு லெட்டர் எழுதினது யாரு?'ன்னு கேக்கறாரு."

"லெட்டரா?"

ஹோர்வாத் கடிதங்களை அவரிடம் கொடுத்தார். தேவசகாயத்துக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் மகளின் கையெழுத்துத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்து, சாய்ந்த எழுத்தைப் பார்த்து, கடைசிச் சுழியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"கடைசி லெட்டர் எப்போ போச்சு சார்?"

"போன நவம்பர்ல."

தேவசகாயம் தலை நிமிர்ந்து கோதண்டபாணியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், வலது கை நடுவிரலில் மைக்கறை படிந்த இடத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியாதவர் இல்லை அவர். எந்த வண்டியை எந்தத் தண்டவாளத்தில் திருப்பிவிட வேண்டும் என்று முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"எம் பொண்ணுதான் சார் எழுதினா" என்றார். "வேற யாரு எழுதுவாங்க? அப்டியே சொல்லுங்க."

கோதண்டபாணி வாயைத் திறந்தார். இப்போதும் சொல்லலாம். தேவசகாயத்துக்கு ஆங்கிலம் தெரியாது, ஹோர்வாத்துக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நிற்பவன் என்ன சொன்னாலும் அதுதான் உண்மை. பட்டம், பேர், பேராசிரியர் நாற்காலி எல்லாம் ஒரு வாக்கிய தூரத்தில் இருந்தன. அவர் போட்டோவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் பின்கழுத்தில் யாரோ உற்றுப் பார்ப்பது தெரிந்தது. ஜாடியில் அசைவு தெரியும் காலைகளில் வரும் அதே சில்லிப்பு.

"எல்லாக் கடிதங்களையும் தன் மகள்தான் எழுதினாள் என்று சொல்கிறார்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு, "அவர் சொல்வது சரி" என்று சேர்த்தார்.

ஹோர்வாத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பையிலிருந்து அச்சிட்ட கட்டுரை ஒன்றை எடுத்துத் தேவசகாயத்திடம் இரண்டு கையாலும் நீட்டினார். தலைப்பில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினார்.

"இதுலயா பேர் வந்திருக்குது?"

"ஆமா. அந்தப் பிராணிக்கு அவ பேரையே வச்சிருக்காரு. இனிமே உலகம் பூரா அதை அவ பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

தேவசகாயம் அந்தச் சொல்லை விரலால் தடவினார். அவருக்குக் கண்ணீர் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. பல் தெரியச் சிரித்தார். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு பிரதியைக் கொடுத்து இந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கலாமே என்று நினைத்தபோது கோதண்டபாணிக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

காரில் ஏறும்போது ஹோர்வாத் சொன்னது ஒன்றே ஒன்று. "மேரியைத் தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள்."

அடுத்த திங்கட்கிழமை காலை கோதண்டபாணி ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தார். இந்த முறை தன் பேரில், தன் கையெழுத்தில், நடந்தது அத்தனையையும் ஹோர்வாத்துக்கு எழுதிவிடுவது என்று பேனாவைத் திறந்தார். பேரை எடுத்தது, பொய்ச் சாட்சி எழுதியது, தேவசகாயத்திடம் அச்சாகவில்லை என்று சொன்னது, எதையும் விடாமல் எழுதினார். எழுத எழுத மனசு லேசாகிக்கொண்டே வந்தது. ஒரு பக்கம் நிறைந்ததும் பேனாவை வைத்துவிட்டுப் படித்துப் பார்த்தார்.

எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருந்தது. பக்கத்தில் நாலு வரிதான் இருந்தன.

"அன்புள்ள டாக்டர் ஹோர்வாத், நீங்கள் வந்திருந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். அப்பாவின் கையில் அந்தத் தாளைக் கொடுத்ததற்கு நன்றி. அவர் சொன்னதைக் கோதண்டபாணி சார் சரியாக மொழிபெயர்த்தார். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். டி. மேரி."

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு மடித்து உறையில் போட்டு, முகவரி எழுதி, தபால் நிலையம் வரை நடந்துபோய் அவரே பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.